டிபிஎஃப் கோப்பு: கட்டளை வழியா, நேரடி பைட்டா?

மார்த்தாண்டத்து வாழைக்குலை மொத்தக் கடையின் டாஸ் பில்லிங்கில் மட்டிக்கும் ஏத்தனுக்கும் விலை மாற்ற வேண்டும் என்று வைப்போம். விலைகள் டிபிஎஃப் என்ற தரவுக் கோப்பில் இருக்கும். அவற்றைக் கட்டளையால் மாற்றலாம், அல்லது கோப்பின் பைட்டிலேயே நேரடியாக எழுதலாம். ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளின் ரீப்ளேஸ் கட்டளை, திறந்திருக்கும் இன்டெக்ஸையும் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) பூட்டையும் (இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுப்பது) தானே பார்த்துக்கொள்ளும். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

நேரடி வழியில் கணக்கு உங்கள் கையில். கோப்பின் தொடக்கத்திலுள்ள தலைப்புக்கு (ஹெடர்) 32 பைட், புலம் (பெயர், விலை போன்ற தகவல் கட்டம்) ஒவ்வொன்றுக்கும் 32, முடிவுக் குறி 1. ஆக 5 புலத்துக்கு 193. புலங்களின் நீளம் 6, 30, 6, 8, 8 என்றால், 1 பைட் அழிப்புக் குறியோடு ஒரு சரக்கின் பதிவு 59 பைட். 100-வது பதிவு 193 + 99×59 = 6034-ல் தொடங்கும். இன்டெக்ஸ் புலத்தைத் தொட்டால் ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸை மறுபடி கட்டுவது) கட்டாயம். மறந்தால் கோப்பில் இருக்கும் சரக்கே தேடலில் கிடைக்காது. புதிய பதிவு சேர்த்தால் தலைப்பில் 4 முதல் 7 வரையுள்ள பைட்களில் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அது கண்ணிலேயே படாது. பக்கத்து மேசையில் பில் போடும்போது இதைச் செய்வது சுத்த வம்பு.

திரையில் எழுத்து காட்டுவதில் நிலை வேறு. கலர் கார்டில் பி800 (பதினாறடிமான செக்மென்ட் எண்) திரை நினைவகத்தில் (வரிசை×80 + பத்தி)×2 என்ற இடத்தில் எழுதினால், பயாஸ் என்ற கணினியின் அடிப்படை நிரல் வழியாக எழுதுவதை விடப் பாய்ச்சல். தவறினாலும் கெடுவது திரை மட்டுமே. பழைய மோனோ கார்டுக்கு மட்டும் பி000.

திரைக்கு நேரடி, தரவுக்குக் கட்டளை. உடைந்த தலைப்பைச் சரிசெய்யும்போது மட்டும், நகலில், பைட்டைத் தொடலாம்.