மழைக்காலத்துக்குக் கடைப் பக்கத்தை நிறுத்துவது: மூன்று வருட அனுபவம்

2022 அக்டோபரில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று இரவு, அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். இன்ஸ்டாகிராமில் 61 மெசேஜ். மோர் மிளகாய் இருக்கா அக்கா, சுண்டக்காய் வத்தல் கால் கிலோ எவ்வளவு, போன வாரம் போட்ட ஆர்டர் எப்போ வரும். ஒன்றுக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. அந்த ராத்திரியே பக்கத்தை முடக்கிவிட்டுப் படுத்தேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வத்தல், வடகம், பொடி போட்டு 2019-லிருந்து விற்கிறோம். கைப்பக்குவம் முழுக்க அத்தையுடையது. ஆர்டர், பார்சல், பக்கம் இதெல்லாம் என் பொறுப்பு. அன்றைக்குப் பக்கத்தில் 11,000 பேர் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் நான் எடுத்த அந்த முடிவின் விலை என்ன என்று தெரிய நான்கு நாள் ஆனது.

நான்காம் நாள் காலையில் ஒரு போன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா. "ஏனுங்க, வத்தலுக்குப் பணம் போட்டு ஒரு வாரம் ஆச்சுங்க. பக்கத்தையே காணோம். மெசேஜைப் பார்த்தா பேரும் இல்ல, போட்டோவும் இல்ல. ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சுட்டனுங்க." பழைய கூரியர் கவர் ஒன்று அவர் வீட்டில் கிடந்திருக்கிறது. அதில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. "அம்மாவைப் பாருங்க மொதல்ல, வத்தல் எங்கீங்க போகுது" என்றார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அவரை மாதிரி பணம் போட்டுக் காத்திருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவருடைய ஜிபே பெயர் மட்டும்தான் கையில் இருந்தது. ஆர்டர் பேசியது முழுக்க நான் முடக்கிய பக்கத்துக்குள்.

கணக்கை முடக்குவதென்றால் கடையைப் பூட்டிப் பலகை மாட்டுவது போல என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கடையே அந்தத் தெருவில் இல்லாமல் போய்விடும். பேர், படங்கள், பின்னூட்டங்கள், லைக் எல்லாமே மறைந்துவிடும். நமக்கு எதுவும் அழியவில்லை, திரும்ப உள்ளே போனால் அத்தனையும் இருக்கும். ஆனால் வெளியே நிற்கிறவருக்கு, தற்காலிகமாக மூடிய பக்கத்துக்கும் ஓடிப்போன பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வழியும் இல்லை.

அந்தத் தடவை இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று ஸ்டிக்கர். சிவகாசியில் கொடுத்து 2,000 ஸ்டிக்கர் அச்சடித்து வைத்திருந்தோம், பாக்கெட்டில் ஒட்ட. அதிலிருந்த கியூஆர் குறி நேரே இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குத்தான் போகும். பக்கத்தை முடக்கியதும், ஏற்கனவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பாக்கெட்டுகளில் இருந்த குறியெல்லாம் எங்கேயும் போகாத குறியாகிவிட்டது. அடுத்த முறை அச்சடித்தபோது கியூஆரை வாட்ஸ்அப் எண்ணுக்கு மாற்றி, கீழே பத்து இலக்கத்தையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் என்னிடம் இருக்கும்.

இன்னொன்று, பத்தாம் நாள் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. என்னடா என்று பார்த்தால், என் கொழுந்தன் பழைய ரீல்ஸ் ஒன்றைத் தேடித் தன் போனில் அந்தக் கணக்குக்குள் போயிருக்கிறார். முடக்கிய கணக்கைத் திரும்ப எழுப்ப வேறு எதுவும் செய்ய வேண்டாம், யாராவது ஒருவர் கடவுச்சொல் போட்டு உள்ளே போனாலே போதும். திரும்பவும் முடக்கலாமா என்று யோசித்தேன். சரி, திறந்தது திறந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, "வீட்டில் உடல்நலக் குறைவு, ஜனவரி வரை ஆர்டர் எடுக்கவில்லை, பணம் அனுப்பியவர்கள் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்" என்று எழுதிப் போட்டேன். மீதி இருந்த இரண்டு பேரும் அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மூன்று வரியை முதல் நாளே போட்டிருந்தால் போதுமே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

2023-லிருந்து நிறுத்துவது எங்களுக்கு வருடாந்திர வேலை ஆகிவிட்டது. காரணம் மழை. கூழ் வடகத்துக்குச் சித்திரை, வைகாசி வெயில்தான் வேண்டும். வேட்டியில் பிழிந்த வடகம் இரண்டே நாளில் கலகலவென்று உரிந்து வரும். சுண்டக்காயை மோரில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைத்து, மறுபடி மோரில் போட்டுக் காயவைக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் மூடாப்பு வந்தால் பூசணம் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடுப்பு ஓரத்தில் காயவைத்து அனுப்பலாம்தான். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் கையிருப்பு தீர்ந்ததும் நிறுத்தம், தை பிறந்து நல்ல வெயில் வந்தபிறகு திறப்பு.

இப்போது நிறுத்தும் விதம் வேறு. இன்ஸ்டாகிராமை முடக்குவதே இல்லை. நிறுத்துவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு படம் போடுவோம். வெறும் தாம்பாளம், பின்னால் மழை பெய்கிற மாடி. கடைசி ஆர்டர் தேதி, திரும்பத் திறக்கும் மாதம், போன் எண், இவ்வளவுதான் எழுத்து. அதைப் பக்கத்தின் மேலேயே நிற்கிற மாதிரி 'பின்' செய்துவிடுவேன். மூன்று பதிவு வரை பின் செய்யலாம், நான் இந்த ஒன்றை மட்டும்தான் வைப்பேன், மற்றதை எடுத்துவிடுவேன். பக்கத்துக்கு வருகிறவர் கண்ணில் முதலில் அது பட வேண்டும். பக்கத்தின் அறிமுக வரிகளான பயோவிலும் முதல் வரியை மாற்றிவிடுவேன்.

பதிவைப் பின் செய்வதைவிட வாட்ஸ்அப் பிசினஸில் செய்கிற வேலைதான் அதிகம் பலன் தந்தது. அதில், நாம் இல்லாதபோது தானாகவே பதில் சொல்கிற வசதி இருக்கிறது. எப்போதும் போகிற மாதிரியும் வைக்கலாம், இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்றும் வைக்கலாம். நான் தேதி போட்டு வைக்கிறேன், திறக்கிற அன்று நிறுத்த மறந்துவிட்டாலும் தானாக நின்றுவிடும். பொருள் பட்டியலான கேட்டலாக்கில் இருக்கிற பொருளை அழிக்க வேண்டாம், மறைத்து வைத்தால் போதும். முதல் வருடம் இது தெரியாமல் 34 பொருளையும் அழித்துவிட்டு, ஜனவரியில் படமும் விலையும் மறுபடி ஏற்ற இரண்டு நாள் ஆனது.

அப்புறம் லேபிள். 'பணம் வர வேண்டும்', 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் போட்டிருக்கிறேன். நிறுத்துவதற்கு முந்தின நாள் 'பணம் வந்தது' என்ற லேபிளைத் திறந்து, அதில் ஒருவர்கூட இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அந்தத் தானியங்கிப் பதிலைத் தொடங்குவேன். 2022-ல் நான் செய்யாத வேலை இதுதான். யாருக்காவது அனுப்ப முடியாது என்று தெரிந்தால், அன்றைக்கே பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுவேன். முதலில் பணம், அப்புறம் தானியங்கிப் பதில். இந்த வரிசை மாறக்கூடாது.

இன்ஸ்டாகிராமைப் பர்சனல் கணக்காக மாற்றி, நாம் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி பிரைவேட் ஆக்கிவிட்டால் நிம்மதி என்று ஒரு தோழி சொன்னார். பிசினஸ் கணக்கைப் பிரைவேட் ஆக்க முடியாது, அதனால்தான் முதலில் பர்சனலாக மாற்றச் சொல்கிறார்கள். அப்படி மாற்றினால் இன்சைட்ஸ் புள்ளிவிவரம் போய்விடும். எந்த ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்தப் பதிவை எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்று அதைப் பார்த்துத்தான் எவ்வளவு மிளகாய் வாங்குவது என்று முடிவு செய்கிறேன். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

நிரந்தரமாக மூடிய அனுபவமும் ஒன்று உண்டு, எங்கள் பேஸ்புக் பக்கம். 2024 ஜூலையில் நீக்கினோம். ஆர்டர் குறைவு என்பது காரணமில்லை. ஒருவர் பருப்புப் பொடி கட்டி கட்டியாக வந்தது என்று அங்கே எழுதியிருந்ததை நான் ஐந்து மாதம் கழித்துத்தான் பார்த்தேன். பார்க்க முடியாத இடத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பது தப்பு என்று பட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு பாக்கெட் அனுப்பிவிட்டு, மூடும் வேலையை ஆரம்பித்தேன்.

அதில் நேரம் பிடித்தது தரவைப் பதிவிறக்குவதுதான். கோப்பை எச்டிஎம்எல், ஜேசான் என்று இரண்டு வடிவில் கேட்கலாம். எனக்கு வித்தியாசம் தெரியாமல் ஜேசான் கேட்டுவிட்டேன். அது கணினி நிரல்கள் படிப்பதற்கான வடிவம். திறந்து பார்த்தால் தமிழில் எழுதியதெல்லாம் சாய்கோடும் எண்ணுமாக வரிசை வரிசையாக நின்றது. மறுபடி எச்டிஎம்எல் கேட்டு வாங்கினேன், பிரவுசரில் திறந்தால் அப்படியே படிக்க முடிந்தது. தமிழில் வியாபாரம் செய்கிறவர்கள் அதையே கேளுங்கள். இணைப்பு வந்ததும் இறக்கிவிடவும் வேண்டும், சில நாளில் காலாவதி ஆகிவிடும். பதிவை நிறைய பேருக்குக் காட்டக் காசு கொடுத்து ஓடிக்கொண்டிருந்த பூஸ்ட் விளம்பரத்தை நிறுத்தி, பாக்கியைக் கட்டிவிட்டு, பக்கத்தின் முழு அதிகாரம் இருக்கிற என் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னேன். 30 நாள் அவகாசம் தருகிறார்கள், அதற்குள் மனது மாறினால் ரத்து செய்யலாம். 20-ம் நாள் எனக்கு மனது மாறியது. 2020 ஊரடங்கில் அத்தை மாடியில் வடகம் பிழிகிற படம் அதில்தான் முதலில் போட்டேன், 400 பேர் பகிர்ந்திருந்தார்கள். இறக்கிய கோப்புறைக்குள் அந்தப் படம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ரத்து செய்யவில்லை.

இன்ஸ்டாகிராமை அப்படி நிரந்தரமாக நீக்க மாட்டேன். அங்கேயும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகு முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகலாம் என்கிறார்கள். ஆனால் நீக்கிய பிறகு அதே பயனர் பெயர் நமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி இல்லை, வேறு யாராவதுகூட அதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் படங்களை எடுத்து, பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி ஒருவர் பக்கம் தொடங்கியதை 2023-ல் பார்த்தேன். நம் பெயரில் ஒரு பக்கம் உயிரோடு இருந்ததால்தான் வாடிக்கையாளர்களே எது அசல் என்று கண்டுபிடித்து எனக்குச் சொன்னார்கள்.

லஷ் என்கிற பிரிட்டிஷ் சோப்பு நிறுவனம் 2021 நவம்பர் 26 அன்று இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட் கணக்குகளை 48 நாடுகளில் நிறுத்தியது. அதற்கு முன் 2019-லும் பிரிட்டனில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துத் திரும்ப வந்தவர்கள். அவர்களுடைய காரணத்தை நான் மதிக்கிறேன், பார்க்கிறவர்களின் மன நலத்தைச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்குக் கடைவீதியில் கடை இருக்கிறது. மாடியில் காயவைத்து விற்கிற எங்களுக்கு அந்தப் பக்கம்தான் வாசல். வாசலை மூட வேண்டுமானால், வருகிறவர்கள் யார் என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. ஆரி வேலை செய்கிற என் தோழிக்கு அதில் நிறைய பேர் இருந்தார்கள். அவர் நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஒருவருடைய எண்ணும் அவரிடம் இல்லை. அப்போது பரிதாபப்பட்டேனே தவிர, நானும் வாடிக்கையாளர்களின் எண்களை எழுதி வைக்க வேண்டும் என்று உறைக்கவில்லை.

இப்போது ஒரு நீள நோட்டு போட்டிருக்கிறேன். பெயர், எண், ஊர், என்ன பிடிக்கும். முகவரியை எழுதுவதில்லை. அது அவர்களுடையது, பார்சல் போய்ச் சேர்ந்ததும் என் வேலை முடிந்தது. கேட்டுச் சம்மதித்தவர்கள் பெயரை மட்டும் எழுதுகிறேன், இன்றைக்கு 640 பேர். திறக்கிற அன்று வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக, அனுப்புவேன். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் பார்சலிலேயே 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு வைக்கிறோம்.

திரும்பத் திறந்தபிறகு என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் முதல் ரீல்ஸை 300 பேர்கூடப் பார்க்கவில்லை. பழைய அளவுக்கு வர ஆறு வாரம் பிடித்தது. 2024-லும் 2025-லும் ரீல்ஸ் அதே மெதுவில்தான் ஏறியது, ஆனால் ஆர்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. இந்த ஜனவரியில் முதல் வாரம் வந்த 43 ஆர்டரில் 38 நோட்டில் இருந்தவர்களுடையது.

அந்த மூன்று மாதம் எனக்கும் தேவைதான். போன் சத்தம் கேட்டால் அத்தை முன்பெல்லாம் "போ, ஆர்டரைப் பாரு" என்பார். இப்போது மழை நாளில் மத்தியான நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவருடைய அம்மா மாங்காய் வத்தல் போடுகிற பக்குவத்தைச் சொல்கிறார். உப்பு எத்தனை பிடி என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வருடக் கடைசி ஆர்டர் தேதி அக்டோபர் 12. எட்டாம் தேதியே கோயம்புத்தூர் அக்கா கூப்பிட்டு, தை வரைக்கும் வேண்டும் என்று சுண்டக்காய் ஒரு கிலோ, மோர் மிளகாய் ஒரு கிலோ சொல்லிவிட்டார். அத்தை எப்படி நடக்கிறார் என்றும் கேட்டார். கம்பு இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்றேன்.