மிக்கியோடு இரவுச் சாப்பாடு யாருக்குக் கட்டுப்படியாகும்?

தசரா லீவுக்கோ கோடை லீவுக்கோ பெங்களூரிலிருந்து ஹாங்காங், டோக்கியோ, ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு டிராவல் ஏஜென்ட் அனுப்பும் பட்டியலில் விமானம், விசா, ஹோட்டல், நுழைவுச்சீட்டு எல்லாம் புரிந்துவிடும். கடைசி வரியில்தான் எல்லோரும் நிற்பார்கள்: ‘கேரக்டர் டின்னர் பஃபே, விருப்பமிருந்தால்.’ மிக்கி மாதிரி டிஸ்னி கேரக்டர்கள் வேஷத்தோடு மேஜைக்கே வந்து பார்த்துப்போகும் இரவுச் சாப்பாடுதான் இது. எதிரே இருக்கும் தொகை கண்ணை உறுத்தும். பிள்ளைகளோ அதற்குள் விஷயத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

இதற்குப் போட்டியாக மூன்று வழிகள் இருக்கின்றன. பல உணவகங்களில் அதே கேரக்டர்கள் வரும் காலை பஃபே இருக்கிறது. இளவரசிகள் வரும், மேஜைக்கே பரிமாறும் விருந்து இருக்கிறது. இரண்டும் வேண்டாமென்றால், பூங்காவுக்குள் வரிசையில் நின்று மிக்கியைப் பார்த்துவிட்டு கவுன்டரில் வாங்கிச் சாப்பிடலாம். மிக்கியைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, டிக்கெட்டிலேயே அடக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டுக்காக இதை வாங்காதீர்கள். நம்மூர் வீக்கெண்ட் பஃபே மாதிரி ‘கொடுத்த காசுக்கு வயிறு நிறைய’ என்ற கணக்கு இங்கே பலிக்காது. இங்கே விற்பனைக்கு இருப்பது வரிசையில் நிற்காமல் மிச்சமாகும் நேரம். விலையையும் அந்த நேரத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

ஆர்லாண்டோவை எடுத்துக்கொள்வோம். டிஸ்னியின் கன்டெம்பரரி ரிசார்ட் ஹோட்டலில் இருக்கும் செஃப் மிக்கீஸ் உணவகத்துக்கு அப்பா, அம்மா, 10 வயதுப் பையன், 6 வயதுப் பெண் என்று நான்கு பேர் போகிறார்கள். அங்கே சாப்பாட்டு மேஜையில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை. பையனுக்குப் பெரியவர் கட்டணம். பெரியவருக்கு 65 டாலர், குழந்தைக்கு 42 டாலர் என்று வைத்துக்கொண்டால் (நாளையும் பருவத்தையும் பொறுத்து இது மாறும்) 237 டாலர். அதன்மேல் 6.5 சதவீத விற்பனை வரி 15 டாலர், 18 சதவீத டிப்ஸ் 43 டாலர். ஆக மொத்தம் 295. டாலரை 90 ரூபாய் என்று போட்டால் 26,500 ரூபாயைத் தாண்டுகிறது. சாதாரண கிரெடிட் கார்டில் தேய்த்தால் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து இன்னும் ஆயிரத்துச் சொச்சம் போகும்.

இதே நால்வரும் கவுன்டரில் தலைக்கு 15 டாலருக்குச் சாப்பிட்டால் வரியோடு 64 டாலர். வித்தியாசம் 231 டாலர். அந்த 231 டாலருக்கு என்ன கிடைக்கிறது? செஃப் மிக்கீஸில் மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, புளூட்டோ என்று ஐந்து பேர் வருவார்கள். பூங்காவில் ஒவ்வொருவருக்கும் 40 நிமிடம் வரிசை என்று வைத்தால் 200 நிமிடம். பஃபே ஒன்றரை மணி நேரம் இழுக்கும். கவுன்டர் சாப்பாடு அரை மணியில் முடியும். அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்தால் உண்மையில் மிச்சமாவது 2 மணி 20 நிமிடம், அதாவது மிச்சமாகும் ஒவ்வொரு மணிக்கும் கிட்டத்தட்ட 100 டாலர். பூங்கா டிக்கெட் தலைக்கு 150 டாலர், உள்ளே 12 மணி நேரம் என்று வைத்தால், குடும்பத்துக்குப் பூங்காவில் ஒரு மணி நேரத்தின் விலை 50 டாலர்தான்.

ஐந்து பேரையும் பார்த்தே தீருவேன் என்கிற பிள்ளைக்கே வெறும் பணக்கணக்கில் இது இரட்டை விலை. மிக்கி ஒருவர் போதுமென்றால் யோசிக்கவே வேண்டாம், 40 நிமிடம் நின்றுவிடுங்கள். இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவது கூட வருகிறவர்கள்தான். முட்டிவலியோடு வரும் பாட்டியும் கைக்குழந்தையும் இருந்தால், 200 நிமிடம் வெயிலில் நிற்பது என்பது நடக்காத காரியம். அவர்களுக்கு இது ஏசி அறையில் நாற்காலி, தண்ணீர், பக்கத்திலேயே கழிவறை, பேரப்பிள்ளை மிக்கியைக் கட்டிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு. அதற்கு அந்த விலை நியாயம் என்றே நினைக்கிறோம்.

ஊருக்கு ஊர் பில் மாறுவதையும் பாருங்கள். ஒரே பட்டியல் விலை ஆர்லாண்டோவில் வரியும் டிப்ஸும் சேர்ந்து 24.5 சதவீதம் ஏறும். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது, 10 சதவீத சேவைக் கட்டணம் மட்டும். ஜப்பானில் வரி விலையிலேயே அடங்கியிருக்கும், டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 3 முதல் 11 வயது வரை குழந்தைக் கட்டணம் என்பதால், ஆர்லாண்டோவில் பெரியவர் ஆகிவிட்ட அதே 10 வயதுப் பையன் இங்கே மறுபடி குழந்தை.

அடுத்தது, பெரும்பாலான குடும்பங்கள் கோட்டைவிடும் இடம்: உடம்புக் கடிகாரம். ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. அங்கே இரவு 7.30 என்றால் பிள்ளையின் உடம்புக்கு மாலை 5 மணி. நாள் முழுக்க நடந்த பசி இருக்கும், தூக்கம் வராது. கேரக்டர் டின்னருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. அதே ஊரில் காலை 7.30 பஃபே என்றால் உடம்புக்கு விடியற்காலை 5 மணி. மிக்கியே வந்தாலும் தூக்கக் கலக்கத்தில் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னே, அங்கேயும் இதே நியாயம்.

மேற்கே போனால் எல்லாம் தலைகீழ். ஆர்லாண்டோவில் கோடையில் மாலை 6 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. முதல் மூன்று நான்கு நாட்களுக்கு அந்த டின்னர் மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கும் பிள்ளைக்குத்தான் 42 டாலர் கொடுப்பீர்கள். அங்கே காலை பஃபே எடுங்கள். பிள்ளைகள் 4 மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். செஃப் மிக்கீஸில் காலையிலும் அதே ஐவர்தான், கட்டணம் இரவைவிடக் குறைவு. ஒரே இடைஞ்சல், பூங்கா திறந்தவுடன் கூட்டமில்லாத அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கைநழுவக்கூடும். கிடைக்கிற முதல் நேரத்தைப் பிடித்துச் சீக்கிரம் முடியுங்கள், அல்லது பத்தரை மணிக்கு மேல் போய் அதையே மதியச் சாப்பாடாக்கிக்கொள்ளுங்கள். பாரிஸும் மேற்குதான்: அங்கே இரவு 8 மணி கோடையில் நமக்கு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30.

ஹாங்காங் டின்னருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கேரக்டர் பஃபே நடப்பது பூங்காவுக்கு வெளியே, டிஸ்னி ஹோட்டல்களில். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் ஹோட்டலின் என்சான்டட் கார்டன் அப்படி ஒன்று. பூங்காவில் இரவு நடக்கும் ‘மொமென்டஸ்’ ஒளிக்காட்சியும் இந்தச் சாப்பாடும் மோதிக்கொள்ளும். ஹோட்டல் உணவகத்துக்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை என்பதால், பூங்காவுக்குப் போகாத ஒரு மாலையில் இதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ராத்திரி விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கிய நாளில் மட்டும் வேண்டாம்.

இனி தட்டுக்கு வருவோம். அசைவக் குடும்பத்துக்கு இந்த பஃபே பரவாயில்லை. கடல் உணவு, வறுத்த இறைச்சி என்று விலையை ஏற்றும் அயிட்டங்கள் எல்லாம் அவர்களுக்குத்தான். சைவக் குடும்பம் அதே விலையைக் கொடுத்து சாலட், ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு, பழம், இனிப்போடு எழுந்துவரும். அதிலும் பார்வைக்குச் சைவமாகத் தெரிவதெல்லாம் சைவமில்லை. பளபளவென்று இருக்கும் கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கலாம். சூப்பும் அரிசிக் கஞ்சியும் பெரும்பாலும் கோழி எலும்புச் சாற்றில் வெந்தவை. ஜப்பானில் மிசோ சூப்பின் அடிப்படையே தாஷி, அதாவது பெரும்பாலும் உலர்த்திய மீனில் எடுத்த சாறு. மூஸ், மார்ஷ்மெல்லோ, பழ ஜெல்லியில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். முட்டை சாப்பிடாத வீட்டுக்குக் கேக் வரிசை முழுவதும் மூடிய கதவு.

ஹாங்காங்கில் ‘மாமிசம் வேண்டாம்’ என்றால் மீன் வரலாம். ‘ஜாய்’ (齋) என்று சொல்லுங்கள். அது பௌத்தர்களின் விரதச் சாப்பாட்டைக் குறிக்கும் சொல், வெங்காயம் பூண்டு கூட விலக்கியது, உடனே புரிந்துகொள்வார்கள். முன்பதிவிலேயே உணவுக் கட்டுப்பாட்டைக் குறித்துவிட்டு, வாசலில் பெயர் சொல்லும்போது மறுபடி சொல்லுங்கள். ஆர்லாண்டோவில் ஒவ்வாமை என்றால் சமையல்காரரே வந்து, கூடவே நடந்து பஃபே வரிசையைக் காட்டுவதுண்டு. அவரைக் கேட்டு, பொது இடுக்கி படாத உணவைத் தனித் தட்டில் உள்ளிருந்து வாங்கிக்கொள்ளலாம். அனிமல் கிங்டம் பூங்காவில் இருக்கும் டஸ்கர் ஹவுஸ் நம் நாக்குக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆப்பிரிக்க, இந்திய மசாலா வாடை உள்ள உணவு அங்கே உண்டு, டொனால்டும் வருவார். ஆனால் அது பூங்காவுக்குள் இருப்பதால் டிக்கெட் வேண்டும். சைவக் குடும்பத்துக்கு எங்கே போனாலும் இரவைவிடக் காலை பஃபே மேல்: வாஃபிள் (முட்டை சாப்பிடுவீர்கள் என்றால்), உருளைக்கிழங்கு, தயிர், பழம் என்று தட்டு ஒழுங்காக நிறையும்.

வயதைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். 4 முதல் 7 வயது வரைதான் இதற்கான பொற்காலம். 2, 3 வயதில் பாதிப் பிள்ளைகள் பெரிய தலையைப் பார்த்ததும் அலறும். 10 தாண்டினால் போட்டோவுக்கு நிற்கவே கூச்சப்படும். சின்னப் பிள்ளை பயப்படுமா என்பதைப் பெங்களூரிலேயே சோதித்துவிடலாம். பிறந்தநாள் விழாக்களுக்கும் மால்களுக்கும் பொம்மை வேஷத்தில் ஆள் வருவார். அவரிடம் பிள்ளை பத்தடி தூரத்தில் நின்று கையாட்டினால் போதும், நம்பிப் பதிவு செய்யலாம். காலைக் கட்டிக்கொண்டு அழுதால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இளவரசி விருந்து வேறு வகை. மிக்கி கூட்டம் பஃபேயில் பேசாது, எல்லாம் சைகைதான். அதனால் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கும் குறை இல்லை. இளவரசிகள் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயங்காத பிள்ளைக்கு அது அற்புதமாக இருக்கும், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு வீண்.

மேஜையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். கேரக்டர் தனியாக வராது. ஒரு பணியாளர் கூடவே நடந்து வழிகாட்டுவார். மேஜை வரிசைப்படி வருவார்கள், ஒரு மேஜைக்கு ஒன்றிரண்டு நிமிடம். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வருவார்கள். பக்கத்து மேஜைக்கு மின்னி வந்திருக்கும் நேரத்தில் அப்பா பாஸ்தாவுக்கும் அம்மா பிள்ளையோடு பழத்துக்கும் போனால், திரும்பும்போது மின்னி உங்கள் காலி நாற்காலிக்குக் கையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போயிருப்பாள். பிள்ளை மேஜையை விட்டு நகரக் கூடாது, ஒரு பெரியவர் எப்போதும் கூட உட்கார வேண்டும். தைரியமான பிள்ளையை நடைபாதை ஓரத்திலும் பயந்த பிள்ளையைச் சுவரோரத்திலும் உட்காரவையுங்கள். கையெழுத்து வாங்குவதென்றால் தடித்த மார்க்கர் பேனா கொண்டுபோங்கள். அந்தப் பஞ்சுக் கையுறையில் பால்பாயின்ட் நிற்காது. போட்டோவைவிட வீடியோ எடுங்கள். அணைத்துக்கொள்ளும் நொடி வீடியோவில் தப்பாமல் இருக்கும், அதிலிருந்து படத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

முன்பதிவு நேரம் நமக்குச் சாதகமே. ஆர்லாண்டோவில் 60 நாள் முன்பு அந்த ஊர் காலை 6 மணிக்குத் திறக்கும். கோடையில் அது நமக்கு மதியம் 3.30, குளிர்காலத்தில் 4.30. டோக்கியோவில் ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு, நமக்கு 6.30. அதற்கு முந்தின நாளே வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடியே வரும், நல்ல நேரங்கள் அந்த ஐந்து நிமிடத்தில் பறிபோகும். ஆர்லாண்டோவில் சொல்லாமல் போகாவிட்டால் தலைக்கு 10 டாலர் கார்டில் பிடிப்பார்கள். தேதி தேர்வில் இன்னொன்று: தசரா லீவு பல வருடங்களில் அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி வரும், அதுதான் சீனாவின் தேசிய தின விடுமுறை வாரம், ஹாங்காங் பிதுங்கும். நம் கோடை லீவில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பானின் கோல்டன் வீக். அந்த நாட்களில் பூங்கா வரிசை 40 நிமிடம் என்ற நம் கணக்கு உடைந்து நீளும், பஃபேயின் விலை அப்போதுதான் நியாயமாகத் தொடங்கும்.

பில் கேட்பதற்கு முன் வந்துபோனவர்களை விரல்விட்டு எண்ணுங்கள். ஒருவர் விட்டுப்போயிருந்தால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். அடுத்த சுற்று எப்போது என்று அவருக்குத் தெரியும். அதுவரை ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமோடு பிள்ளையை உட்காரவைத்தால் போதும்.