ஒன்பது வருஷமா அதே கேள்வி: எங்கட ஞாயிற்றுக்கிழமை எம்டி90 கூட்டம், பாவிச்ச அனுபவம்

போன் வாங்கி ஒரு கிழமையில ரிவியூ எழுதுற ஆக்கள் இருக்கினம். நான் ஒன்பது வருஷம் பாவிச்சுப்போட்டு எழுதுறன். பாவிச்சது போனும் இல்லை, பைக்கும் இல்லை, ஒரு கதை. பழைய மோட்டச்சைக்கிள் விசர் பிடிச்ச பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு பின்னேரங்களில ஒரு கராஜ் வாசல்ல வேப்பமரத்துக்குக் கீழ இருந்து கதைக்கிற கதை. பரந்தன் சந்தியில இருந்து முல்லைத்தீவு வீதியில கொஞ்சத் தூரம் போனா வரும், அதுக்கு மேல இடம் சொல்லமாட்டன், கராஜ் அண்ணைக்கு ஏற்கனவே கதிரை காணாது.

தெரியாத ஆக்களுக்கு ஒருக்கா சொல்லிவிடுறன். எம்டி90 எண்டுறது யப்பான்ல தபால் குடுக்கிற ஆக்களுக்கெண்டு ஹொண்டா செய்த சிவப்பு பைக். ஹொண்டாவின்ர சூப்பர் கப் குடும்பம்தான், 89 சிசி, மூண்டு கியர், கிளச் லீவர் இல்லை, ரயர் 14 இஞ்சி. அங்க கடுதாசி காவினது இஞ்ச நெல்லு மூட்டை, விறகு, மண்ணெண்ணெய்க் கான், மூண்டு பிள்ளையள், காயப்பட்ட சனம் எண்டு எல்லாத்தையும் காவினது. வன்னியில அந்தச் சத்தம் கேட்டா வயது போன ஆக்கள் இப்பவும் ஒருக்கா திரும்பிப் பாப்பினம். நான் 2016இல முள்ளியவளைப் பக்கம் ஒருத்தரிட்ட வாங்கினன். வாங்கி இரண்டாம் கிழமை கியர் போட்டா சத்தம் மட்டும் ஏறுது வண்டி ஏறுதில்லை, அதைக் காட்டத்தான் முதல் முதல் அந்த வேப்பமரத்தடிக்குப் போனது.

போன அண்டைக்குக் கதை என்னெண்டா, என்ன ஒயில் விடுறது. அடுத்த கிழமையும் அதேதான். அடுத்த மாசம் வேற ஒருத்தர் வந்து கேட்டார், என்ன ஒயில் அண்ணை விடுறது எண்டு. எனக்கு அப்ப சரியான அலுப்பு, மனுசர் இதை ஒரு மட்டையில எழுதி மரத்தில கட்டிவிட்டா என்ன எண்டு நினைச்சன், நினைச்சதோட நிக்காமல் கராஜ் அண்ணையிட்டச் சொல்லியும் போட்டன். அவர் சிரிச்சுப்போட்டு, "எழுதிக் கட்டினா ஆர் தம்பி இஞ்ச வரப்போறாங்கள்" எண்டார். அது வியாபாரக் கதை எண்டுதான் அப்ப எனக்கு விளங்கினது.

பேந்துதான் விஷயம் தெரிஞ்சது. மூண்டு வருஷமா எல்லாரும் சொன்ன மறுமொழி ஒண்டுதான்: "மோட்டச்சைக்கிள் ஒயில் விடு, கார் ஒயில் விடாத." நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே மற்ற ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, கேட்டா மொக்கன் எண்டு நினைப்பினமோ எண்ட பயம்தான். 2019இல விசுவமடுவில இருந்து ஸ்கூட்டியோட ஒரு தங்கச்சி வந்தவ, தேப்பன்ர எம்டி90 வீட்டில சும்மா நிக்குதாம், அதை ஓட்டப்போறாவாம். அதே கேள்வி, அதே மறுமொழி, ஆனா அவ விடேல்லை. "ஏன் கார் ஒயில் விடக்கூடாது, அதுவும் ஒயில்தானே?" எண்டாள். ஒரு நிமிஷம் எல்லாரும் கம்மெண்டு இருந்தம். அப்பதான் மெக்கானிக் வேலை படிப்பிக்கிற மாஸ்ரர் வாய் திறந்தார், இந்த என்ஜின்ல கிளச் தட்டு எஞ்சின் ஒயிலுக்குள்ளயே கிடந்து ஊறுது, கார் ஒயில் சிலதுகளில உராய்வைக் குறைக்கிற சாமான் கலந்திருக்கு, அது காருக்கு நல்லம், இதுக்குக் கிளச் வழுக்கும், அதுதான் போத்தல்ல ஜாசோ எம்ஏ, அதாவது ஒயிலுக்குள்ள ஊறுற கிளச்சுக்கு ஏத்தது எண்ட தர அடையாளம், போட்டிருக்கோ எண்டு பார்த்து வாங்கச் சொல்லுறது எண்டு. எனக்கு 2016இல சத்தம் ஏறி வண்டி ஏறாததின்ர காரணம் அண்டைக்குத்தான் விளங்கினது. வித்த மனுசன் என்னத்தை ஊத்தி வைச்சிருந்தாரோ! நான் தட்டை மாத்திக் காசு செலவழிச்சது வேற கதை.

மாஸ்ரரிட்டக் கேட்டன், இவ்வளவு நாளும் ஏன் மாஸ்ரர் இதைச் சொல்லேல்லை எண்டு. "ஒருத்தரும் கேக்கேல்லையே" எண்டார். இருபது தரம் நடந்த கதையில இருபத்தோராவது தரம் வந்த ஒரு ஆள் கேட்ட ஒரு "ஏன்"தான் எனக்கு இந்தக் கூட்டத்தில கிடைச்ச பெரிய லாபம், அதுக்குப் பிறகு நான் மட்டை எழுதுற கதை எடுக்கிறேல்லை.

மாரி வந்தா இன்னொரு கதை. ஐப்பசி கார்த்திகையில ஆராவது ஒருத்தர் கட்டாயம் கேப்பினம், வெள்ளத்துக்குள்ள நிண்டா என்ன செய்யிறது. மறுமொழி எல்லாருக்கும் மனப்பாடம், கேள்வி முடியமுதல் நாலு பேர் சேர்ந்து சொல்லுவினம்: கிக்கரை உதையாத, பிளக்கைக் கழட்டு, ஒயிலைக் கழட்டிப் பார், பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி போட்டுது, பிளக் இல்லாமல் மெல்ல உதைச்சு சிலிண்டருக்குள்ள நிக்கிற தண்ணியை வெளிய எடு, புது ஒயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் கழட்டி ஊத்து. 2018 மார்கழியில இரணைமடுக் கதவெல்லாம் திறந்து கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் நிண்டதெல்லே, அண்டைக்கு என்ர பைக் வீட்டுப் பத்தியில சீற்றளவு தண்ணிக்குள்ள. கரண்ட் இல்லை, போன்ல சார்ஜ் இல்லை, கேக்க ஆளும் இல்லை. கைதான் வேலை செய்தது, வாய்ப்பாடு மாதிரி ஒவ்வொண்டா வந்தது. பக்கத்து வீட்டு அண்ணை, பாவம், தண்ணி வடிஞ்ச உடன சந்தோசத்தில உதைச்சார். அவற்ற கொன்றோட், பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற தண்டு, வளைஞ்சுது. தண்ணியை அமத்த ஏலாது எண்டுறது அவருக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்தில ஞாபகம் வரவேணுமே.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, குறையும் சொல்லத்தான் வேணும். பிழையான கதையும் இப்பிடித்தான் உருப்போட்டு உருப்போட்டு உண்மையாகுது. எங்கட கூட்டத்தில ரப்பெற், அதாவது வால்வைத் தள்ளுற இடத்தில விடுற சின்ன இடைவெளி, கொஞ்சம் லூசா விட்டா பெற்றோல் மிச்சம் எண்டு ஒரு நம்பிக்கை வருஷக்கணக்கா ஓடினது, ஆர் தொடங்கினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் சொல்லுறபடியால் சரி. நானும் செய்து பார்த்தன், மிச்சம் ஒண்டும் இல்லை, தையல் மிசின் மாதிரி டக்கு டக்கெண்டு அடிச்சதுதான் மிச்சம். மாஸ்ரர் ஒரு நாள் கேஜ் கொண்டு வந்து கூல் என்ஜின்ல 0.05 மில்லிமீற்றர் வைச்சுக் காட்டினார், சத்தம் அடங்கிப்போச்சு. அடுத்த ஞாயிறு அதைப் பார்த்துக்கொண்டு நிண்ட ஒரு அண்ணை புதுசா வந்த பெடியனுக்கு, "லூசா விடு தம்பி, பெற்றோல் மிஞ்சும்." என்னத்தைச் செய்ய!

பேந்து பிளக்குக்குப் பொறி குடுக்க பழைய பொயின்ற் நல்லமோ எலக்ட்ரோனிக் சிடிஐ நல்லமோ எண்ட சண்டை. அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, இரண்டு பேர் இப்பவும் கதைக்கிறேல்லை.

2020 பங்குனிக்குப் பிறகு வாகன இறக்குமதியை நிப்பாட்டின உடன பழசுக்கு விலை ஏறினது, அதோட கூட்டத்துக்குப் புது முகங்கள் வரத் தொடங்கினது. அவையளுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வேற வழி இல்லை. வந்த உடன கேக்கிறது ஒயில், காபரேற்றர், பதிவுப் புத்தகம் இல்லாத பைக்கை என்ன செய்யிறது. புத்தகக் கதை வந்தா மட்டும் மரத்தடி கொஞ்சம் அமைதியாகும். 2009இல பைக்கை எங்க விட்டிட்டு வந்தம் எண்டு கனபேருக்குத் தெரியும், புத்தகம் பிறகு எங்க போனதெண்டு தெரியாது.

இனி எங்கட மண்ணெண்ணெய் ஐயா. இவர் இல்லாமல் இந்த ரிவியூ இல்லை. 90களில பெற்றோல் வன்னிக்குள்ள வராத காலம் மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயில ஓடினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஐயா அதை மாசத்துக்கு ஒருக்காவாவது சொல்லுவார். சொட்டு மருந்துப் போத்தல்ல பெற்றோல் வைச்சிருந்து காபரேற்றருக்குள்ள நாலு துளி விட்டு உதைக்கிறது, வெள்ளைப் புகை ரோட்டை மூடுறது, பின்னால வாறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசுறது, எல்லாம் நடிச்சுக் காட்டுவார். நாங்கள் சிரிக்கிற இடமும் எங்களுக்குத் தெரியும், அவர் நிப்பாட்டித் தேத்தண்ணி குடிக்கிற இடமும் தெரியும். நான் எத்தினையோ தரம் மெல்ல எழும்பி பைக் துடைக்கப் போயிருக்கிறன்.

2022 வந்தது. ஆனியில பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் இல்லை, லைன்ல இரவிரவா நிண்டு வெறுங்கையோட வாறது. ஆடியில கியூஆர் பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு ஆகுமட்டும் எங்கட கூட்டத்துக்கே கனபேர் சைக்கிள்லதான் வந்தது. அப்ப ஒரு பெடியன் ஐயாவிட்டக் கேட்டான், பகிடிக்கு இல்லை, உண்மையாத்தான்: "ஐயா, மண்ணெண்ணெயில ஓடுறது எப்பிடி?"

ஐயா அண்டைக்கு நடிக்கேல்லை. நிலத்தில தடியால கீறித்தான் சொன்னார். மண்ணெண்ணெய் குளிர் என்ஜின்ல ஆவியாகாது, அதால பெற்றோல்ல தொடங்கிச் சூடாக்கவேணும். நிப்பாட்ட முதலும் காபரேற்றருக்குள்ள திரும்பப் பெற்றோல் நிக்கிற மாதிரிப் பார்க்கவேணும், இல்லையெண்டா அடுத்த முறை சீவன் போகும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்ஸால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், அதால ஒயிலை அடிக்கடி மாத்தவேணும், மாத்த ஒயில் எங்க இருந்தது அப்ப. லோட் ஏத்தினா என்ஜின் அடிக்கும், அதுக்கு ஹெட்டுக்குக் கீழ இன்னொரு பக்கிங் வைச்சு அமத்தத்தைக் குறைச்சவை. இது ஒண்டும் நாங்கள் முந்திக் கேட்டதில்லை. ஆறு வருஷமா அந்தக் கதையில புகைதான் இருந்தது.

பேந்து சொன்னார், ஒரு நாள் தாயைக் காய்ச்சலோட ஸ்கந்தபுரத்தில இருந்து அக்கராயனுக்கு ஏத்திக்கொண்டு போகேக்க வழியில ஆரையோ கண்டு நிப்பாட்டினாராம், பெற்றோலுக்கு மாத்த மறந்துபோனாராம், போத்தலும் வெறும் போத்தல். மிச்சத் தூரம் இவர் பைக்கை உருட்ட, அவ பின்னால நடந்து வந்தவவாம். "அம்மா ஒண்டும் பேசேல்லை. சைக்கிள்லயே வந்திருக்கலாம் தம்பி எண்டு மட்டும் சொன்னவ." பெடியனைப் பார்த்து, "வேண்டாம், ஓடாத, என்ஜினும் போகும்" எண்டார். அந்த வருஷம் ஆவணியில மண்ணெண்ணெயும் 87இல இருந்து 340 ரூபாக்குப் போய் அந்தக் கதையே தேவையில்லாமல் போனது. அதுக்குப் பிறகு அவர் தொடங்கினா நான் எழும்பிறேல்லை.

என்ர பைக் இப்ப லீற்றருக்கு 50 கிலோமீற்றர் கிட்டக் குடுக்குது, ஒயில் ஒழுகேல்லை, கிறவல் ரோட்டுப் புழுதிக்கு எயார் ஃபில்ரர் மட்டும் மாசா மாசம் துடைக்கிறன். கோடையில அதுவும் ஒரு ஞாயிற்றுக் கதை.

வரப்போற ஆக்களுக்கு: நாலு மணிக்குப் பிறகு வாங்கோ, மழை பெய்தா ஆக்கள் இல்லை. கடையில ஒறிஜினல் எண்டு தந்த பிளக்கை நம்பிப் பூட்டமுதல் கொண்டந்து காட்டுங்கோ, நான் ஒரு கடையில ஏமாந்து மூண்டு மாசத்தில எறிஞ்சனான். ஒயிலைப் பற்றிக் கேக்கிறதெண்டா தாராளமாக் கேளுங்கோ, வாய்ப்பன் பத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. ரப்பெற் பற்றி மட்டும் மாஸ்ரர் நிக்கேக்க கேளுங்கோ.