மீனாட்சிக்கு அடுத்த நாள்: சமணர் மலையா, யானைமலையா, அரிட்டாபட்டியா?

வெளியூர்க்காரர்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் பார்த்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் பழசா, கூட்டமில்லாம ஏதாவது இருக்கா?" தாராளமாக இருக்கிறது. மதுரையைச் சுற்றிப் பாறை தெரிகிற பக்கமெல்லாம் ஏதோ ஒரு குடைவரையோ (பாறையைக் குடைந்த கோயில்), சமணத் துறவிகளின் கல்படுக்கையோ இருக்கும். ஒரே நாள்தான் கையில் என்றால் எங்கே போவது? நான் பரிந்துரைப்பது மூன்று இடங்களைத்தான். மூன்றுக்கும் குணம் வேறு.

முதலில் ஒரு விஷயம். பௌத்தத் தலம் தேடி மதுரைக்கு வந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதற்குச் சோழநாட்டுப் பக்கம், நாகப்பட்டினம் போக வேண்டும். இங்கே பாறைகளில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவரைப் பார்த்து "புத்தர்" என்று உள்ளூர்க்காரர்களே சொல்வதுண்டு. அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை இருந்தால் அவர் தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்கும் மகான்.

கீழக்குயில்குடி சமணர் மலை நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். மலை ஏற முடியாதவர்கள் இங்கே உட்கார்ந்திருந்தாலே பொழுது போய்விடும். ஆனால் ஏறத்தான் வேண்டும். மலைமேல் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்குப் படிகள் இருக்கின்றன, ஏற்றமும் பயமுறுத்தாது. மேலே போனதும் ஒரே பாறை முகத்தில் வரிசையாகச் சிற்பங்கள்: காலில் கொடி படர்ந்த சமண முனிவர் பாகுபலி, நாகம் குடைபிடிக்கும் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், அமர்ந்த கோலத் தீர்த்தங்கரர்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. சிற்பத்தை மட்டும் படமெடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருப்பதையும் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் யார் செய்துவைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒன்றில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. அச்சணந்தி மதுரை வட்டாரக் குன்றுகள் பலவற்றில் பெயர் காணப்படும் சமணத் துறவி. பிள்ளை துறவியாகப் போய்விட்டான், அம்மா பாறையில் ஒரு திருமேனி செய்துவைத்து அதில் பிள்ளையின் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் வருடம் கழித்தும் இருவர் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. கல்வெட்டுகளில் ராஜாக்களின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைவிட எனக்கு இது பிடிக்கும்.

அதே மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை. வெளியே பெரிய தீர்த்தங்கரர். குகைக்குள் குனிந்து நுழைந்தால் மேல்வளைவில் ஐந்து சிற்பங்கள். அவற்றில் ஒருத்தி சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருபவனோடு சண்டை போடுகிறாள். அவள் இயக்கி, சமணத்தின் காவல் பெண்தெய்வம். பெயர்ப்பலகை இல்லாமல் பார்த்தால் கொற்றவை என்றுதான் நம்மில் பாதிப் பேர் கும்பிட்டுவிடுவோம்.

யானைமலைக்கு வருவோம். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து மேலூர் பஸ் எதில் ஏறினாலும் ஒத்தக்கடையில் இறங்கலாம், அங்கிருந்து நரசிங்கம். போக்குவரத்தில் மூன்றிலும் இதுதான் சுலபம். சமணர்கள் ஏவிவிட்ட யானையைச் சிவபெருமான் அம்பெய்து கல்லாக்கினார் என்பது மதுரைக் கதை. தூரத்திலிருந்து மலையைப் பார்த்தால் கதை கட்டியவர்கள்மேல் குறை சொல்லத் தோன்றாது. அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் பல கோயில்களுக்கு இல்லாத ஒரு வசதி, நாள் தெரியும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-இல் எடுப்பித்தது. வேலை முழுதும் முடியும் முன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தான். இதையெல்லாம் அங்கேயுள்ள கல்வெட்டே சொல்கிறது.

ஆனால் ஒன்று, இது இன்றும் பூஜை நடக்கிற கோயில். நடை சாத்தும் நேரம் பார்த்துப் போக வேண்டும், கூட்ட நாளில் கல்வெட்டுப் பக்கம் நின்று நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். தரிசனமே நோக்கம் என்பவர்களுக்கு அது குறையாகப் படாது. கல்லைப் பார்க்க வந்தவர்கள் அதே அடிவாரத்தில் இருக்கும் லாடன் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். சின்னக் குடைவரை, முருகனும் தெய்வானையும் சேர்ந்து அமர்ந்திருப்பார்கள். பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இது இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். மலைமேலும் சமணப் படுக்கை, தமிழி (தமிழ்-பிராமி) என்ற மிகப் பழைய தமிழ் எழுத்து, தீர்த்தங்கரர் சிற்பங்கள் உண்டு. வெயிலுக்கு முன் ஏறினால் சரி. 2010-இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக மாற்ற முயற்சி நடந்து, ஊர்க்காரர்கள் எதிர்ப்பில் நின்றது.

அரிட்டாபட்டி மேலூர்ப் பக்கம், சொந்த வண்டி இல்லாமல் போவது சள்ளை. சிவன் குடைவரையில் லிங்கம் பாறையிலேயே வெட்டியது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். சைவத்தின் ஒரு பிரிவான பாசுபதத்தின் ஆசான் இலகுலீசரைத் தமிழ்நாட்டில் அதிகம் பார்க்க முடியாது. சிற்ப ஆர்வலர்கள் இதற்காகவே வருகிறார்கள். அதே ஊர்க் கழிஞ்சமலையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழிக் கல்வெட்டும், பக்கத்திலேயே பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. அரிட்டாபட்டியை 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது, சுற்றுவட்டாரமே எதிர்த்துத் திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வல்லூறும் இராசாளியும் பார்க்க வருகிறவர்கள் தனிக் கூட்டம். கோயிலும் வேண்டும், ஏரி, பறவை, காடும் வேண்டும் என்றால் இதற்கு ஈடு மற்ற இரண்டிலும் கிடையாது. வழிகாட்டிப் பலகையை நம்பாமல், ஊருக்குள் யாரையாவது "அண்ணே, குடைவரைக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் கூடவே வந்துவிடுவார்கள்.

என் ஓட்டு சமணர் மலைக்கு. குறைந்த ஏற்றத்தில் இவ்வளவு சிற்பமும் எழுத்தும் ஒரே இடத்தில் வேறெங்கும் சேராது. வயதான அம்மா அப்பாவோடு வந்தால் மட்டும் யோசிக்காமல் நரசிங்கம் போங்கள். இரண்டாம் முறை மதுரை வருகிறவருக்கு அரிட்டாபட்டி.

வண்டி இருந்தால் மூன்றையும் ஒரே நாளில் அடக்கலாம். விடியற்காலையில் அரிட்டாபட்டி, திரும்பி வரும் வழியில் நடை சாத்துமுன் நரசிங்கம். மத்தியானம் பாறை சுடும், ஊருக்குள் வந்து சாப்பிட்டுப் படுங்கள். வெயில் இறங்கியபின் சமணர் மலை. சாய்வெயிலில்தான் வட்டெழுத்துக் கீறல்கள் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். மேலே கடை கிடையாது, தண்ணீரை அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டும் முன் இறங்கிவிடவும் வேண்டும்.