பழைய மேசைக் கணினிக்குப் புதிய உயிர்: க்ரூஷியல் எம்எக்ஸ்500 எஸ்எஸ்டி

இன்டெல் எச்61 என்னும் பழைய சிப்செட் (பாகங்களை இணைத்து இயக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டில் இயங்கும் என் வீட்டு மேசைக் கணினியில், தேய்ந்துபோயிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, க்ரூஷியல் நிறுவனத்தின் எம்எக்ஸ்500 என்னும் 500 ஜிபி எஸ்எஸ்டியை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் சாதனத்தைப் பொருத்தினேன். இத்தகைய பழைய கணினிக்கு மீண்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்குவது பணத்தை வீணாக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

நொடிக்கு 560 எம்பி வரை படிக்கும், 510 எம்பி வரை எழுதும் என்று நிறுவனம் சொல்கிறது. எச்61 சிப்செட்டில் இருப்பதோ, டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா வழியின் பழைய தலைமுறையான சாட்டா 2. அதன் வழியாக நொடிக்கு 300 எம்பிக்கு மேல் செல்ல இயலாது. வாங்கும் வேகத்தில் பாதி வீணாகிறதே என்று தயங்குவோருக்குச் சொல்கிறேன்: பழைய கணினி மந்தமாவதற்குக் காரணம் அந்த வேகம் அன்று. ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு, தேவையான இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4 மில்லிநொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. தலை நகரும் நேரமும் அதனோடு சேர்வதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் நொடிக்கு நூறைப் படிப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் தொடங்கும்போது படிக்கப்படுபவை பெரும்பாலும் அத்தகைய சிறு துண்டுகளே. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. திரை வந்த பிறகும் டிஸ்க் இயங்குவதைக் காட்டும் கேபினட்டின் முன்விளக்கு நெடுநேரம் அணையாமல் எரிந்துகொண்டிருந்த நிலை என் கணினியில் முற்றிலும் மறைந்துவிட்டது. பிரவுசர் கேட்டவுடன் திறக்கிறது.

இதே நிறுவனத்தின் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி இதைவிட மலிவானது. அன்றாட வேலையில் பெரிய வேறுபாடு தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அதில் டிராம் என்னும் வேகமான இடைநினைவகம் இல்லை, உத்தரவாதமும் 3 ஆண்டுகளே. எம்எக்ஸ்500க்கு 5 ஆண்டுகள் அல்லது 180 டிபி (டெராபைட்) எழுதும் அளவு வரை உத்தரவாதம் உண்டு. அதாவது, நாள்தோறும் சுமார் 98 ஜிபி எழுதினாலும் ஐந்து ஆண்டுகள் தாங்கும் கணக்கு. எந்த வீட்டுக் கணினியும் அவ்வளவு எழுதுவதில்லை.

பெட்டியில் சாட்டா கேபிளோ, 3.5 அங்குல இடத்தில் பொருத்துவதற்கான சட்டமோ இல்லை என்பது ஒரு குறை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின்இணைப்பு இல்லாமல், பழைய மோலெக்ஸ் இணைப்பைச் சாட்டாவாக மாற்றும் கம்பியை வாங்க நேர்ந்தால், கம்பிகளை பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய மலிவான வகையைத் தவிர்க்க வேண்டும். அவ்வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பற்றக்கூடும்.

விண்டோஸை நிறுவுவதற்கு முன்பே பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சாட்டா அமைப்பை ஐடிஇ என்னும் பழைய முறையிலிருந்து ஏஹெச்சிஐ என்னும் புதிய முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. நிறுவிய பிறகு மாற்றினால் கணினி நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க அக்ரோனிஸ் மென்பொருளை க்ரூஷியல் இலவசமாகத் தருகிறது. ஆயினும், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், முதலில் சொந்தக் கோப்புகளைக் காப்பாற்றிவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதையே பரிந்துரைக்கிறேன். நானும் அவ்வாறே செய்தேன்.

எஸ்எஸ்டியால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எச்61 காலத்துச் செயலிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எழுதுதல், படித்தல், இணையம் ஆகியவற்றுக்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துவோர் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். இந்த எஸ்எஸ்டியில் அது மிகச் சீராக இயங்குகிறது. ஹார்ட் டிஸ்க்கைப் போல முன்கூட்டியே சத்தமிட்டு எச்சரிக்காமல் எஸ்எஸ்டி திடீரென நின்றுவிடக்கூடும் என்பதால், குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.