31 படங்கள்: கடையா, ஸ்ரூடியோவா, கைத்தொலைபேசியா, கனடா மச்சாளா?

அம்மாவின் உறுதிப் பைக்குள் 31 படங்கள் இருக்கின்றன. 2009 ஜனவரியில் போர் நெருங்கி விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது அல்பங்கள் அலுமாரியோடு நின்றுவிட்டன. காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் வைத்திருந்த பையை அம்மா தோளில் கொழுவியிருந்தபடியால், அதற்குள் தற்செயலாகக் கிடந்த படங்கள் மட்டும் செட்டிக்குளம் முகாம் வரை போய்த் திரும்பி வந்தன. வன்னியில் எந்த வீட்டில் கேட்டாலும் கதை கிட்டத்தட்ட இதுதான். படங்கள் கொஞ்சம், பழுது நிறைய.

பழைய படங்களை ஸ்கேன் பண்ணித் திருத்த எங்கே கொடுப்பது என்று ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்ட விலை ஒப்பீடுகள் எங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். அவர்களுக்கு ஒரு படத்துக்கு எத்தனை சதம் என்பதுதான் கேள்வி. எங்கள் பையில் ஸ்கேன் பண்ணுகிற செலவு சின்னது, திருத்துகிற செலவுதான் பெரியது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே விலையில் பேசினால் ஏமாந்துவிடுவோம். நான் ஒருமுறை ஏமாந்தேன்.

முதலில் ஸ்கேன். எங்கள் சந்தியில் உள்ள கொமினிகேஷன் கடையில் ஒரு படத்துக்கு 50 ரூபா கேட்டார்கள். 31 படத்துக்கும் 1550 ரூபா. மலிவுதான். ஆனால் அங்கே இருப்பது போட்டோகொப்பி, பிரின்ற் எல்லாம் அடிக்கிற கூட்டு மெஷின். கடைப் பெடியன் அடையாள அட்டை ஸ்கேன் பண்ணுகிற பழக்கத்திலேயே 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதுவும் பிடிஎஃப் ஆக எடுத்துத் தந்தான். 6x4 அங்குலப் படத்துக்கு இது பரவாயில்லை. பாஸ்போட் அளவுப் படத்துக்குக் காணவே காணாது. 35 மில்லிமீற்றர் அகலமான படம் 300 டிபிஐயில் வெறும் 413 புள்ளி அகலம்தான் வரும். அதே படத்தை 1200இல் எடுத்தால் 1654 புள்ளி வரும். கடைக்காரருக்கு இதில் கூட ஆவது ஒரு நிமிஷம்தான். கேட்டால் செய்வார்கள். ஆனால் கேட்க வேண்டும். "பெரிய படம் 600, சின்னப் படம் 1200, பிடிஎஃப் வேண்டாம், டிஃப் ஆகத் தாங்கோ" என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு இரண்டாம் முறை போனேன். டிஃப் என்பது படத்தைத் தரம் குறையாமல் வைக்கும் கோப்பு வகை. அதே 50 ரூபாதான். பென்ட்ரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொன்னால் அது படத்தைச் சுருக்கிவிடும். வேறு வழியில்லையென்றால் டொக்யுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஸ்கேனர் வாங்குவது பற்றியும் யோசித்தேன். கனொன் லைட் 300 மாதிரியான மெல்லிய ஸ்கேனருக்கு எனக்குச் சொன்ன விலை 30,000 ரூபாவை அண்டி வந்தது. கடையில் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால், 600 படம் இருந்தால்தான் கட்டும். ஒரு வீட்டுக்கு அது வீண் செலவு. வாசிகசாலையோ பழைய மாணவர் சங்கமோ ஒன்றை வாங்கி வைத்து ஊருக்கே பயன்படுத்தினால் அது வேறு கதை. ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: மெல்லிய ஸ்கேனர்களுக்குக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். பிரேம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படத்தை வைத்தால், நடுவில் உள்ள இரண்டு மூன்று மில்லிமீற்றரே அதை மங்கலாக்கிவிடும். எப்சன் வி600 போன்ற தடித்த ஸ்கேனருக்கு அந்தக் குறை குறைவு, நெகற்றிவும் எடுக்கும், ஆனால் விலை பல மடங்கு. யாரிடம் இங்கே நெகற்றிவ் மிஞ்சியிருக்கிறது?

கைத்தொலைபேசிக்கு வருவோம். 2016இல் கூகுள் வெளியிட்ட போட்டோஸ்கான் செயலிக்குக் காசில்லை. ஒரு படத்தை முதலில் ஒருதரம் எடுத்து, பிறகு நான்கு புள்ளிகளுக்கு மேலாகப் போனை நகர்த்தச் சொல்லும். ஒவ்வொரு கோணத்திலும் மினுக்கம் வேறு இடத்தில் விழுவதால், எல்லாவற்றையும் சேர்த்து மினுக்கமில்லாத ஒரு படத்தைத் தரும். ஸ்கேனர் மூடிக்குள் போகாத படங்களுக்கு இதுதான் வழி. எங்கள் அம்மம்மாவின் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. ஈரம் பட்டு, படத்தின் மேலுள்ள ஜெலற்றின் படலம் இளகி, கண்ணாடியில் பிடித்துக் காய்ந்திருக்கிறது. அதை உரிக்க வெளிக்கிட்டால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெள்ளைக் கடதாசி கையில் வரும். உரிக்காமல், மாமர நிழலில் ஒரு மேசையில் வைத்து, எனக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுத்தேன். செலவு பூச்சியம்.

லமினேற் பண்ணிய படங்களையும் உரிக்கக்கூடாது. முகாமிலிருந்து வந்த பிறகு பலர் "இனியாவது பழுதாகாமல் இருக்கட்டும்" என்று இருந்த ஒரே படத்தை லமினேற் பண்ணினார்கள். சூட்டில் ஒட்டியது திரும்பக் கழராது. யாராவது "கழற்றித் தருகிறேன்" என்றால் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்கேனரில் அப்படியே வைக்கலாம். போனில்தான் மினுங்கும்.

ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பழைய ஸ்ரூடியோப் பிரின்றுகள் சுத்தமான குளிர்தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாக விலகும். ஆனால் கையால் நிறம் தீட்டிய படம், பின்பக்கம் மையால் எழுதிய படம், பூஞ்சணம் பிடித்த படம், இன்க்ஜெற்றில் அடித்த படம் ஆகியவற்றைத் தண்ணீரில் போடவே கூடாது. எதுவென்றாலும், நனைக்க முன் தெரிகிற பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் திருத்தம். ஏமாந்தேன் என்றேனே, அது இங்கேதான்.

ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் மாமாவின் படத்தைக் கொடுத்தேன். பழைய அடையாள அட்டைக்காக எடுத்தது. நெற்றிக்குக் குறுக்கே ஒரு மடிப்பு, வலது காதடியில் பூஞ்சணம். 4500 ரூபா சொன்னார்கள், மூன்று நாள் கேட்டார்கள். நான்காம் நாள் ஏ4 அளவில் பளபளவென்று தந்தார்கள். மடிப்பு இல்லை. பூஞ்சணம் இல்லை. பின்னால் நீலத்திரை, மாமாவுக்குக் கோட்டும் ரையும். கோட் போடுவது எங்கள் ஸ்ரூடியோக்களின் பழைய வழக்கம், அதை விடுவோம். அம்மா படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஆர் பிள்ளை இது?" என்றா. பிறகு, "என்ரை தம்பி இப்பிடிச் சிரிக்கமாட்டான்."

உண்மைதான். மூலப் படத்தில் மாமாவின் வாய் மூடியிருந்தது. புதியதில் உதடு கொஞ்சம் விரிந்து பல் தெரிந்தது. மேலுதட்டு மச்சத்தைக் காணவில்லை. கையால் திருத்தியதாகச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு, உள்ளே செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் தட்டி எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நானே அப்படியொரு செயலியில் போட்டுப் பார்த்தேன். அதே பல் வந்தது, அரை நிமிஷத்தில், காசில்லாமல்.

இந்தச் செயலிகள் பழுதான முகத்தைச் சுத்தம் செய்வதில்லை. அந்த இடத்தில் எப்படிப்பட்ட முகம் இருக்கக்கூடும் என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. இவ்வகையில் பலரும் பயன்படுத்தும் திறந்தநிலை மென்பொருளான ஜிஎஃப்பிகான், ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களைக் கொண்ட ஒரு தொகுப்பில் பயிற்றப்பட்டது. அம்மம்மாவின் தோடு இழுத்த காதும், இரண்டு பக்க மூக்குத்தியும் அதற்கு எவ்வளவு பரிச்சயமாக இருந்திருக்கும்? நான் போட்டுப் பார்த்ததில் ஒரு மூக்குத்தியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டது. கறுப்பு வெள்ளைக் கலியாணப் படத்துக்கு நிறம் போடச் சொன்னால் கூறைச் சேலை நீலமாக வந்தது. சேலை என்ன நிறமென்று படத்தில் இல்லை, அதற்கு எப்படித் தெரியும்?

பொழுதுபோக்குக்கு இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களில் எத்தனை இப்படி அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பித்தவை என்று நினைத்துப் பாருங்கள். அந்த முகத்தில் ஒரு மச்சம் போவது சின்ன விஷயம் இல்லை. விசாரணைக்குக் கொடுக்கும் படமென்றால் திருத்தாத ஸ்கேனைக் கொடுங்கள், மடிப்போடேயே.

அப்படியென்றால் ஸ்ரூடியோ வேண்டாமா? வேண்டும். கையால் திருத்தத் தெரிந்தவர் கிடைத்தால் நான் கொடுக்கக்கூடிய காசு அவருக்குத்தான். வெடிப்பு, மடிப்பு, கிழிந்த மூலை, பின்னணிக் கறை, சிவந்துபோன எண்பதுகளின் கலர்ப் படங்களின் நிறம், இவையெல்லாம் நன்றாகச் சரிவரும். அந்தக் காலக் கலர்ப் பிரின்றுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால்தான் எல்லாரும் செம்மண்ணில் குளித்த மாதிரித் தெரிகிறார்கள். ஸ்கேன் ஒழுங்காக இருந்தால் அதைச் சமன்செய்வது பத்து நிமிஷ வேலை, அதற்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். மடிப்பு முகத்துக்குக் குறுக்கே போனால் 3000, 5000 என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது, அது மணிக்கணக்கான வேலை. காசு கொடுக்க முன் கடையில் இருந்தபடியே இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். கண், பல், மச்சம், காது. கோட் வேண்டாம் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் திருத்துவது? ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் கேட்டுப் பார்த்தா. ஒரு படத்துக்கு 60 கனேடிய டொலர் சொன்னார்களாம். அந்தக் காசுக்கு இங்கே மூன்று படம் திருத்தலாம். மூலப் படத்தைத் தபாலில் அனுப்புவது பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை.

ஆனால் மச்சாளோடு கதைத்ததில்தான் எல்லாவற்றையும் விட மலிவான வழி வந்து சேர்ந்தது. எண்பதுகளில் வெளிநாடு போனவர்களுக்கு நாங்கள் கடிதத்துக்குள் படம் வைத்து அனுப்பியிருக்கிறோம். இங்கே எரிந்ததும் நனைந்ததும் அங்கே சப்பாத்துப் பெட்டிக்குள் புதுசாகக் கிடக்கிறது. எந்தத் திருத்தமும் இரண்டாவது பிரின்றுக்குக் கிட்டவும் வராது. ஆகவே ஸ்ரூடியோவுக்குப் போகுமுன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பழுதான படத்தைப் போட்டு, இது ஆரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இறந்தவரின் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகங்களையும் தட்டிப் பாருங்கள். அச்சுப் புள்ளி தெரியும்தான், ஆனால் ஸ்கேனரில் அதைக் குறைக்க ஒரு தெரிவு இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகம் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் மலர்களிலும் சிலருக்கு ஊர்ப் படங்கள் கிடைத்திருக்கின்றன.

மச்சாள் தேடியதில் மாமாவின் படமே ஒன்று வந்தது. அதை ரொறன்ரோ பொது நூலகத்தில் உள்ள ஸ்கேனரில், காசில்லாமல், முன்பக்கமும் பின்பக்கமுமாக எடுத்து அனுப்பினா. மாமா வாயை மூடிக்கொண்டு சைக்கிளோடு நிற்கிறார். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: "விசுவமடு, பொங்கலுக்கு அடுத்த நாள், 1987. சைக்கிள் இரவல்."

எங்கள் 31 படங்களின் பின்பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. பதினொன்றில் எழுத்து இருந்தது. அடுத்த நாள் மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனேன். பெடியன் பின்பக்கத்தையும் ஒரு படமாகத்தான் கணக்குப் பார்த்தான். 550 ரூபா.