செம்மண்ணில் சிம்ப்ளெக்ஸ் பிளஸ்: செட்டிநாட்டுக்கு இந்த மெட்டல் டிடெக்டர் சரிப்படுமா?

நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மெஷின். 11 அங்குல டிடி காயில் (தரைமேல் வீசும் தட்டு, உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச்சுருள்), எடை 1.3 கிலோ, 3 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். உலர்ந்த கடற்கரை மணலில் இது காட்டும் ஆழத்தைக் காரைக்குடி, திருமயம் பக்கத்து முந்திரிக்காட்டில் எதிர்பார்க்கக் கூடாது. செம்புராங்கல் சரளையில் இரும்பு மண்டிக் கிடக்கிறது. காயிலுக்கு மண்ணே பதில் சொல்லும். அந்த இரைச்சலில் சின்னக் காசின் சத்தம் அமுங்கிவிடும்.

இங்கே இதன் உயிர்நாடி கிரவுண்ட் பேலன்ஸ்தான், அதாவது மண்ணின் இரைச்சலைக் கழித்துவிட மெஷினைப் பழக்குவது. உலோகம் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து, அதற்குரிய பட்டனை அழுத்தியபடி, காயிலைத் தரைக்கு மேல் 15-20 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை மட்டம் சாயாமல் ஏற்றி இறக்க வேண்டும். இரைச்சல் அடங்கினால் சரி. சரளையிலிருந்து கண்மாய் வண்டலுக்கு இறங்கியதும் மறுபடி செய்ய வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்படியும் கத்திக்கொண்டே இருந்தால் சென்சிடிவிட்டியை (உணர்திறன்) இரண்டு படி குறைக்கலாம். கொஞ்சம் ஆழம் குறையும், ஆனால் வருகிற சத்தத்தை நம்பலாம்.

செம்புராங்கல் துண்டுகளும் உலோகம்போல ஒலித்து ஏமாற்றும். சத்தம் வந்த இடத்தில் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். காசு என்றால் இரு பக்கமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண், ஒரே ஒலி. கல்லும் வளைந்த ஆணியும் பெரும்பாலும் ஒரு பக்கம் பேசி மறுபக்கம் மௌனமாகும். பழைய வண்டிப்பாதை ஓரங்களில் மாட்டு லாடம், கடையாணி, சக்கரத்தின் இரும்புப் பட்டைத் துண்டு என்று இரும்பு நிறையக் கிடக்கும். அங்கே பெரிய காயில் ஒரே வீச்சில் நாலைந்தைச் சேர்த்துக் குழப்பும். தனியாக விற்கும் 9.5 x 5 அங்குலக் காயில் அதற்கு மிகப் பொருத்தம்.

புதுக்கோட்டை அம்மன் காசு இந்த மெஷினுக்குச் சரியான பரீட்சை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செம்பு. வேகமாக வீசினால் தப்பிவிடும். காயில் தரையை உரசுகிற மாதிரி தாழ்வாக, ஒரு வீச்சு முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி நடக்க வேண்டும். கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

குறை என்று சொன்னால், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. காட்டில் கழற்றி மாற்ற வழியில்லை. சார்ஜ் கேபிளும் காந்த முனை கொண்ட தனி வகை. போன் கேபிள் சேராது. பவர் பேங்கோடு அதையும் எடுத்துப் போவது நல்லது. மாதம் பார்த்துப் போவதும் முக்கியம். சித்திரையில் சரளை பாறையாக இறுகிக் கிடக்கும். கார்த்திகை மழைக்குப் பின் மண்வெட்டி லேசாக இறங்கும்.

எங்கே தோண்டலாம் என்பதில் விளையாட்டே கூடாது. சொந்தத் தோட்டம், உரிமையாளர் சம்மதித்த பழைய வீட்டுப் பின்கட்டு, தொலைந்த மோதிரம் தேடும் வேலை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்புக்காடு, கோயில் காடு, தொல்லியல் துறை எல்லை ஆகியவற்றில் மெஷினை ஆன் செய்யவே வேண்டாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. ஒரே குவியலாகப் பதிவானதால்தான் அவை எந்தெந்தப் பேரரசர் காலத்தவை என்று சேர்த்து வைத்துப் படிக்க முடிந்தது. ஆளுக்கொன்றாகச் சிதறியிருந்தால் வெறும் தங்கம். தோண்டிய குழியில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடோ முதுமக்கள் தாழியின் விளிம்போ தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். கிடந்தபடி போட்டோ எடுத்து, எடுத்த மண்ணை மேலே மெல்லப் பரப்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.